ஒன்பதாம் விதி

2018 செப்டம்பர் 4, செவ்வாய்

இன்று காலை ஒத்திகைக்கு முன் மறுமதிப்பீட்டுத் தேர்வின் அறிவிப்பு பலகையில் ஒட்டப்பெற்றது. நவம்பர் 20. எங்கள் நகர இசைக்குழுவில் வாசிப்போர் அனைவரும் ஈராண்டுக்கு ஒருமுறை திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசித்து, தாம் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கு இன்னும் தகுதியுடையவர்தாம் என்று மெய்ப்பித்தாக வேண்டும். எழுபதுக்குக் கீழே ஒருமுறை பெற்றால் எச்சரிக்கை. அடுத்தடுத்து இருமுறை பெற்றால் நாற்காலி போய்விடும்.

சென்ற முறை என் மதிப்பெண் அறுபத்தாறு.

இதை எழுத்தில் பார்க்க வேண்டும் என்றே இன்று ஏட்டைத் திறந்தேன். பார்த்தாயிற்று.

பலகையின் முன் நின்று விதிகளை முழுதும் வாசித்தேன். பதினோரு விதிகளில் ஒன்பதாவது ஒன்றே படிக்கத்தக்க நடையில் இருக்கிறது. அது நான் எழுதிக் கொடுத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், வயலின்காரர் ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து இருமித் தம்மை நடுவருக்கு அறிவித்துக்கொண்டார் என்று புகார் எழுந்தது. அப்போது அலுவலக மேலாளர் பியோ என்னிடம் வந்து, "அழகா எழுதத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான்" என்று தாளை நீட்டினார். அன்று எழுதியது இது: "தேர்வர் எக்காரணம் கொண்டும் தம் குரலாலோ வேறு ஒலியாலோ தம்மை வெளிப்படுத்தலாகாது, மீறுவோரின் மதிப்பெண் சுழியாகக் கொள்ளப்படும்." 'எக்காரணம் கொண்டும்' என்பதை வாக்கியத்தின் ஓசைக்காகவே சேர்த்தேன். இன்றும் நன்றாகவே ஒலிக்கிறது.

பியோ பின்னால் வந்து நின்றார். "ரசிச்சது போதும். போய் சாதகம் பண்ணுங்க" என்றார்.

செப்டம்பர் 6

மழை. இடக்கை மோதிர விரல் காலை பத்து மணிவரை மடங்க மறுத்தது.

செப்டம்பர் 13, வியாழன்

செல்லோ வரிசையில் நான்காம் தாள்தாங்கி என்னுடையதும் பாங் ஹேரினுடையதும். இருவரும் ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிக்கிறோம். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஜெர்மனியில் எட்டு ஆண்டு பயின்றவள். எனக்கு ஐம்பத்து மூன்று. வெளிப்பக்கம் அமர்பவர் இடைவிடாது வாசிக்க, உட்பக்கம் அமர்பவர் வாசிப்பை நிறுத்தித் தாளைப் புரட்ட வேண்டும் என்பது மரபு. உட்பக்கம் அமர்பவள் நான். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன். (இரண்டாம் முறையாகப் பதிவு செய்கிறேன், 2014இலும் எழுதியிருக்கிறேன்.)

இன்று ஒத்திகை முடிந்து வில்லைத் துடைக்கும்போது ஹேரின் தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, அந்த மேல் ஸ்தாயி இடத்துல நீங்க வாசிக்கலையே. வில்லை மட்டும் ஆட்டினீங்க."

தாளைப் புரட்ட ஆயத்தமானேன் என்றேன்.

"அங்க பக்கம் திரும்பவே இல்லையேக்கா."

செப்டம்பர் 24, திங்கள். சுசொக் அறுவடைத் திருநாள்

தங்கை சுன்தொக்கின் வீட்டில் அம்மா அப்பாவுக்குப் படையல். வாண்டோ தீவிலிருந்து வந்த புது அரிசியில் பிடித்த கொழுக்கட்டைகளை சுன்தொக் பைன் இலைமேல் வேகவைத்திருந்தாள். அவள் ஒரு தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் சமைக்கிறாள். எண்ணூறு குழந்தைகளுக்குச் சமைத்த கையால் எங்கள் இருவருக்குச் சமைத்தால் என்ன ஆகும்? பானை பானையாக மிஞ்சிற்று.

கிளம்பும்போது வாசலில் நின்று, "மிகவும் பாடுபட்டீர்கள்" என்று அவளுக்கு முறைப்படி சொன்னேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவகிட்டப் போயி! பஸ் டிரைவருக்குச் சொல்றே, தபால்காரனுக்குச் சொல்றே. ஒரு நாள் கக்கூஸ் கதவைச் சாத்திட்டும் சொல்லப் போறே பாரு."

சிரித்தோம். ஆயினும் அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். பதினாறு வயதில் பூசான் காலணித் தொழிற்சாலைக்குப் போனேன். மறு ஆண்டு அவளும் வந்தாள். இடைவிடாது நகரும் பட்டையின் இருமருங்கும் நூற்றிருபது பெண்கள். நான் குதிகாலுக்குப் பசை தடவுபவள். எங்களை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மணி அடித்துப் பட்டை நின்றதும், வலப்பக்கம் இருப்பவளுக்கு ஒருமுறை, இடப்பக்கம் இருப்பவளுக்கு ஒருமுறை 'மிகவும் பாடுபட்டீர்கள்' என்று தலைவணங்கிச் சொல்வோம். நாள் முழுதும் எங்கள் காதில் விழுந்த ஒரே மரியாதைச் சொல் அது. கூட உழைத்தவரிடம் அதைச் சொல்லாமல் எழுந்து போனவளாக என்னை யாரும் கண்டதில்லை.

சுன்தொக்கிடம் விரலைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, வெள்ளி

மருத்துவர் படத்தை விளக்கொளியில் காட்டினார். மோதிர விரலின் நுனிக்கணுவில் எலும்போடு எலும்பு உராய்கிறதாம். "இந்த விரலால என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தேய்ந்தது தேய்ந்ததுதான், இனி தேயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சமையல், துணி துவைப்பது, செல்லோ ஆகிய மூன்றையும் குறைக்கச் சொன்னார். அதே வரிசையில்தான் சொன்னார்.

அக்டோபர் 12, வெள்ளி

பெருவிரலைத் தந்திமேல் கிடத்தி வாசிக்கும் உயர் ஸ்தாயியில்தான் விரல் கைவிடுகிறது. தேர்வுக்குரிய படைப்பான டி மேஜர் கான்செர்ட்டோவில் அந்த இடங்களுக்குக் குறைவில்லை.

வரலாற்றை எழுதி வைப்பது நல்லது. தொழிற்சாலைக்கு எதிரே இருந்த தேவாலயத்தின் பாடகர் அறையில், வெளிநாட்டுப் போதகர் ஒருவர் விட்டுச் சென்ற செல்லோ துணி மூடிக் கிடந்தது. வாசிக்க யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் அதைக் கேட்டு வாங்கினேன். போசு-தொங் பழைய புத்தகச் சந்தில் படங்கள் கொண்ட பயிற்சி நூல் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு வில் பிடிக்கவும், தாளம் எண்ணவும், இசைக்குறிகளைப் படிக்கவும் தனியே கற்றேன். அதே ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளித் தேர்வையும் வீட்டிலிருந்தே எழுதித் தேறினேன். நூலின் கடைசி இருபது பக்கங்கள் இல்லை. பொருளடக்கத்தில் மட்டும் தலைப்பு இருந்தது: 'பெருவிரல் நிலை.' எனவே பெருவிரல் நிலையை நானே கண்டுபிடித்தேன்.

1994இல் இந்த இசைக்குழு ஆள் கேட்டபோது அறிவிப்பில் இருந்தது: "இசைத்துறையில் பட்டம், அல்லது அதற்கு நிகரான திறமை." அந்தப் பின்பாதியை வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டு வந்து வாசித்தேன். திரைக்கு அப்பால் இருந்தோருக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள். சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்: "நீங்க யாரோட மாணவி?" இந்நாட்டில் வாத்தியக்காரரிடம் பெயருக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி அது. "புத்தகத்தோட மாணவி" என்பேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிப்பார்கள்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்தத் திரைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் 18, வியாழன்

ஹேரின் பயிற்சி அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். எவ்வளவு நேரம் வெளியே நின்று கேட்டாளோ. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முழங்கை..." என்று தொடங்கினாள்.

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன், எனக்கு நன்றாக வேண்டும். "உன்கிட்ட நான் பாடம் கேட்டேனா? ஜெர்மனியில கத்துக்கிட்டதை ஜெர்மனியிலயே வச்சுக்க. நான் வாசிக்க ஆரம்பிச்சப்ப நீ பிறந்தியோ இல்லையோ."

"சரிக்கா" என்றாள். கதவை ஓசையின்றிச் சாத்திக்கொண்டு போனாள்.

அக்டோபர் 19

சொன்னது தவறு. சொன்ன முறை அதனினும் தவறு.

அக்டோபர் 23, செவ்வாய்

பேரிக்காய்ப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஹேரின் இருக்கும் அடுக்ககத்துக்குப் போனேன். மன்னிப்பு வாசகத்தைப் பேருந்திலேயே அமைத்து வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "செல்லோ எங்கே? இதைத்தான் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். தன் செல்லோவைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள்.

வாசித்தேன். ஐம்பத்து மூன்று வயதில், வாழ்நாளில் முதன்முறையாக, ஒருவர் என் கையைப் பார்த்திருக்க வாசித்தேன்.

"விரலை மறந்துடுங்க. கனமான கதவைத் தள்ளுறப்ப விரல் நுனியாலயா தள்ளுவீங்க? முதுகிலேருந்து வரணும்" என்றாள். என் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, நான்கு விரற்கடை அளவு உயர்த்தினாள். பின் கையை எடுத்துக்கொண்டாள். தோளின் எடை தானாகவே இறங்கி வந்து தந்தியின்மேல் நின்றது. மோதிர விரல் தன் இடத்தில் சும்மா இருந்தது, வலிக்கவில்லை. அந்த ஸ்தாயியில் அப்படியொரு ஒலியை நான் எழுப்பியதே இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகளாக விரலை மட்டுமே கொண்டு அழுத்தியிருக்கிறேன். எலும்பு எலும்பைத் தொடும்வரை.

இது நூலில் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கேட்டேன். அவள் தயங்கினாள். "அந்த அத்தியாயத்தோட முதல் பக்கத்துலயே இருக்கும்க்கா."

வீடு திரும்பிய பேருந்தில் இரண்டு நிறுத்தம் கடந்து போய் இறங்கினேன்.

நவம்பர் 3, சனி

வாரம் மூன்று நாள் ஹேரினிடம் போகிறேன். பழைய பழக்கம் தேர்ந்த திருடனைப் போல உள்ளே வருகிறது. நான்கு சுரம் நன்றாக வாசித்தால் ஐந்தாவதில் முழங்கை இறங்கிவிடுகிறது. அவள் "கதவு" என்கிறாள். உயர்த்துகிறேன். இன்று ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை 'கதவு.' போன வாரம் நாற்பதுக்கும் மேல்.

நன்றாக வாசித்தால் அவள் எதுவும் சொல்வதில்லை, பேரிக்காயை நறுக்குகிறாள். இன்று இரண்டு பேரிக்காய் நறுக்கினாள்.

நவம்பர் 14, புதன்

தேர்வில் பியானோ வாசிக்கும் ஓக் மிரான் அம்மையாருடன் ஒத்திகை. அறுபது வயது, ஆண்டுதோறும் டிசம்பரில் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவர். செல்லோ வாசிக்கும் எங்கள் எண்மருக்கும் அன்று அவரே வாசிக்க வேண்டும். ஒரே கான்செர்ட்டோவை எட்டு முறை. "எட்டாவது ஆள் வர்றப்ப நான் தூக்கத்துல வாசிப்பேன், எழுப்பிடாதீங்க" என்றார்.

என் வாசிப்பைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சுனிம், போன தடவை வாசிச்சது யாரு?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கிளம்பும்போது வழக்கம்போல் வணங்கி, 'மிகவும் பாடுபட்டீர்கள்' என்றேன். அவரும் வணங்கினார். பின் வாயில் விரலை வைத்துக் காட்டினார். "அன்னிக்கு மட்டும் வாயைத் தைச்சுக்கிட்டு வாங்க."

விதியை எழுதியதே நான் என்று அவருக்குச் சற்றுப் பெருமையாகவே தெரிவித்தேன்.

நவம்பர் 20, செவ்வாய்

எழுத முடியும் என்றுதான் நினைக்கிறேன். முறையாக எழுதுகிறேன்.

குலுக்கலில் எனக்கு மூன்றாம் எண். காலடி ஓசை ஆணா பெண்ணா என்று காட்டிவிடும் என்பதால் காலணியைக் கழற்றிக் காலுறையோடு கம்பளத்தில் நடந்தேன். பியோ கதவருகே நின்று எண்ணைச் சரிபார்த்தார். கறுப்புத் திரை கூரையிலிருந்து தரைவரை. அதற்கு அப்பால் சியோலிலிருந்து வந்த நடுவர் மூவர். இப்பால் ஒரு நாற்காலி, பியானோ, ஓக் மிரான் அம்மையார், நான்.

முதல் பக்கத்தைத் தாளத்தை மட்டும் எண்ணிக் கடந்தேன். இரண்டாம் பக்கத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த உயர் இடம் வந்தபோது ஹேரினின் உள்ளங்கை முழங்கைக்குக் கீழே இருப்பதாகவே இருந்தது. விரல் விழவில்லை. ஒரு சுரமும் விழவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளில் நான் இப்படி வாசித்ததில்லை. இதை அடக்கமின்றி எழுதுகிறேன், ஏனென்றால் இது உண்மை. பியானோவில் அம்மையார் ஓரிடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மணி அடித்தது. முடிந்தது என்று பொருள்.

எழுந்தேன். செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பியானோவின் பக்கம் திரும்பினேன். இடுப்பு தானே வளைந்தது. வாய் தானே திறந்தது.

"மிகவும் பாடுபட்டீர்கள்."

அம்மையார் இரு கைகளாலும் தம் வாயை மூடிக்கொண்டார். என் வாயை அல்லவா மூடியிருக்க வேண்டும். அந்த அறையில் எதிரொலி இல்லை. இருந்தும் அந்தச் சொல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பிறகு திரைக்கு அப்பால் யாரோ பேனாவால் எழுதும் ஓசை கேட்டது. ஒருவர். பின் இன்னொருவர்.

நவம்பர் 21

மணி அடிச்சிடுச்சே. மணி அடிச்சா பட்டை நிக்கும், நின்னா சொல்லணும். பதினாறு வயசிலேருந்து அப்படித்தானே. யார் அடிச்சா என்ன, எங்க அடிச்சா என்ன. மூணு மாசம் விரலைக் காப்பாத்தினேன். முழங்கையைக் காப்பாத்தினேன். வாயைக் காப்பாத்தணும்னு — அதான் அந்த அம்மா சொன்னாங்களே. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களே. நான் பெருமை பேசினேன்.

ஐயோ சுனிம்.

நவம்பர் 23, வெள்ளி

பியோ அலுவலகத்துக்கு அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மதிப்பெண் சுழி. காரணம், ஒன்பதாம் விதி. ஏழு நாளுக்குள், அதாவது முப்பதாம் தேதி மாலை ஐந்துக்குள், எழுத்துமூலம் விளக்கம் அளிக்கலாம். அவர் விதித்தாளை என் பக்கம் திருப்பவில்லை. எனக்கு மனப்பாடம் என்று அவருக்குத் தெரியும்.

வாயிலில் ஹேரினும் ஓக் மிரான் அம்மையாரும் காத்திருந்தார்கள். மூவருமாக எதிரே இருந்த நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். ஹேரின் கொதித்துக்கொண்டிருந்தாள். நடுவர் மூவரும் வெளியூர்க்காரர்கள், என் குரலை வாழ்நாளில் கேட்டதில்லை, யாரென்று தெரிந்திருக்க வழியே இல்லை, அப்படியிருக்க என்ன வெளிப்பட்டது, பழக்கத்தில் வந்த மரியாதைச் சொல்தானே என்று கேட்டாள். நல்ல வாதம். 'எக்காரணம் கொண்டும்' என்ற இரண்டு சொல் இல்லாதிருந்தால் அது நின்றிருக்கும்.

அம்மையார் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "நான்தான் சொன்னேன்னு எழுதிடுங்க. திரைக்குப் பின்னாடி ரெண்டு பொம்பளைங்க. எந்தக் குரல் யாரோடதுன்னு யார் கண்டா? விதி தேர்வருக்குத்தானே, பியானோக்காரிக்கு இல்லையே."

ஹேரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, இது போதும். இது ஒண்ணு போதும்."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன்.

நவம்பர் 24, சனி

சுன்தொக்கின் வீட்டில் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். நாற்பது முட்டைக்கோஸ். ஆண்டுதோறும் வாசிக்கும் விரலைச் சாக்குச் சொல்லி முள்ளங்கி துருவுவதோடு நின்றுகொள்பவள் நான். இன்று உப்புத் தண்ணீரில் முழங்கைவரை கையை விட்டுக் காய்களைக் கழுவினேன். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. சுன்தொக் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். அக்காவை 'டி' போடுவது அவள் பயந்தால் மட்டும்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் மிளகாய் விழுதுக் கையால் என் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை. கறை போகாது.

நவம்பர் 29, வியாழன்

விளக்கக் கடிதத்தை எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். "மேற்படி ஒலி தேர்வரிடமிருந்து எழுந்ததன்று என்பதையும், பியானோ வாசித்தவர் பழக்கத்தின் காரணமாக மொழிந்த மரியாதைச் சொல்லே அது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைத் தாங்கி நிற்கிறது. எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைவிடச் சிறந்த ஒன்றை எழுதியதில்லை.

உரக்க வாசித்துப் பார்த்தேன். அந்தச் சொல்லை முதன்முதலாக இன்னொருவர் வாயில் வைத்திருக்கிறேன். அம்மையாரின் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் எடுத்துப் பார்க்கப்போகிறவர்கள் இந்தத் தாளையும் பார்ப்பார்கள்.

நவம்பர் 30, வெள்ளி

கடிதத்தை உறையிலிட்டு அலுவலகம்வரை கொண்டு சென்றேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குப் பியோ வெளியே வந்து கதவைப் பூட்டினார். என் மடியில் இருந்த உறையைப் பார்த்தார். பூட்டைத் திறக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். தலையசைத்து வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 1

ஹேரின் தொலைபேசியில் கத்தினாள். "கௌரவம், கௌரவம்! அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க? நாப்பது முட்டைக்கோஸ்ல சேர்த்துக் கிம்ச்சியா போட்டுட்டீங்களா?" பிறகு அழுதாள். தான் உயர்த்திக் கொடுத்த முழங்கை இனி எதற்கு என்று கேட்டாள். அவள் அழுது முடிக்கும்வரை தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

டிசம்பர் 28, வெள்ளி

ஆண்டிறுதிக் கச்சேரி. என் கடைசிக் கச்சேரி.

பக்கங்களை எல்லாம் நானே புரட்டினேன், கடைசிப் பக்கம் தவிர. அங்கே நான் வில்லை நிறுத்தக் கையைத் தளர்த்தும்போதே ஹேரின் தன் வாசிப்பை நிறுத்தி, என் குறுக்கே கைநீட்டித் தாளைப் புரட்டினாள். வெளிப்பக்கம் அமர்பவர் புரட்டலாகாது. இசை நடத்துநர் பார்த்தார். நான் நிறுத்தாமல் வாசித்தேன், இறுதிச் சுரம்வரை.

பிறகு பணியாளர் அறையில் பியோ என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அருகே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "நடுவருங்க மார்க்கைப் போட்டதுக்கு அப்புறம்தான் அதை அடிச்சுட்டுச் சுழி போட்டாங்க. எண்பத்தொண்ணு. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

நன்றி சொன்னேன். மற்றச் சொல்லை அவருக்கும் சொல்லவில்லை. தேர்வு நாளிலிருந்து யாருக்கும் சொல்லவில்லை, பேருந்து ஓட்டுநருக்குக்கூட.

2019 ஜனவரி 9

வாசிக்கவில்லை.

ஜனவரி 22

வாசிக்கவில்லை. அம்மையாரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது என்று ஹேரின் எழுதியிருந்தாள். நன்று.

பிப்ரவரி 13, புதன்

என் நாற்காலிக்கான அறிவிப்பு வந்திருக்கிறது. தேர்வு மார்ச் 15, பிற்பகல் மூன்று மணி. தகுதி: "இசைத்துறையில் பட்டம் பெற்றிருத்தல் கட்டாயம்." அவ்வளவே. பின்பாதி இல்லை. மறுபடியும் வாசித்தேன், அடுத்த வரியில் இருக்குமோ என்று.

பணப்பையைத் திறந்து பார்த்தேன். 1994இல் வெட்டிய துண்டு மடிப்புகளில் கிழிந்திருக்கிறது, எழுத்து மங்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

பள்ளி திறந்தது. சுன்தொக்கின் உணவுக்கூடத்தில் என் முதல் நாள். வெள்ளை உடை, ரப்பர் காலணி. குதிகாலில் பசை நன்றாகவே தடவியிருக்கிறார்கள், பார்த்தேன். என்னைத் தவிர ஏழு பெண்கள். மூன்றரை மணிக்கு மணி அடித்ததும் ஒருவருக்கொருவர் வணங்கிச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் குனிந்தேன்.

உடை மாற்றும் அறையில் ஒருத்தி, "உன் அக்கா மேடையில இருந்தவங்கல்ல, நம்மகிட்டப் பேசுவாங்களா" என்று சுன்தொக்கிடம் சொன்னது கேட்டது.

மார்ச் 8

சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இன்று மாட்டிறைச்சி முள்ளங்கி சூப். சூப் அண்டாவைத் தேய்ப்பது என் முறை. உள்ளே குனிந்து தேய்க்கும்போது சுவர்க் கடிகாரம் மூன்றைக் காட்டிற்று. காலுறையோடு யாரோ கம்பளத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அம்மையார் முதல் சுரத்தைக் கொடுத்திருப்பார். அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பெண்ணோ பையனோ நன்றாக வாசிக்கட்டும் என்று நினைத்தேன். நினைக்க முடிந்தது. அண்டாவின் அடியை எட்டக் கை தன்னால் உயர்ந்தது, தோளிலிருந்து, விரல் வலிக்கவில்லை. 'கதவு' என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றரைக்கு மணி அடித்தது. தண்ணீர்க் குழாயை மூடினேன். பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், அன்று உடை மாற்றும் அறையில் பேசிய அதே பெண், ஈரக் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, இடுப்பை வளைத்து, தெளிவாகச் சொன்னேன்.

"மிகவும் பாடுபட்டீர்கள்."

எல்லோரும் திரும்பினார்கள். சுன்தொக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒருவர்பின் ஒருவராக எழுவரும் எனக்குச் சொன்னார்கள். யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.